மூன்றரை மடங்கு

எடைமேடையில் லாரி ஏறும்போதெல்லாம்
லியோங் தவுக்கேயின் மேசைக் கண்ணாடி
இலேசாக அதிரும்.
ஆறு வருடமாக அந்த அதிர்வை எண்ணி வந்திருக்கிறேன்,
பாரத்தோடு வரும்போது ஒன்று, காலியாகப் போகும்போது ஒன்று,
இரண்டால் வகுத்தால் மணிக்கு இத்தனை.
அவர் நீட்டும் கணக்கேட்டைவிட
அதைத்தான் நம்பினேன்.
அவருக்கு இது தெரியாது.
அல்லது தெரிந்துதான்
எனக்கு எப்போதும் இதே நாற்காலியைப் போட்டாரோ.

ஊத்தான் மெலிந்தாங். பிற்பகல் மூன்று.
வெந்த செம்பனைக் குலையின் வாடை
கைப்பைத் தோலுக்குள் இறங்கிவிட்டால்
கோலாலம்பூரில் மூன்று நாளைக்குப் போகாது.
லிஃப்டில் யாராவது மூக்கைச் சுளித்தால்
நான் மாடி எண்களைப் பார்ப்பேன்.

"பசியாறிட்டியா?"
அவருக்கு 'நீங்கள்' வராது, யாரிடமும்.
அப்பாவின் மளிகைக்கடையில்
எங்கள் லயத்துக் கடன் நோட்டை வாசித்துக்
கற்ற தமிழ் அது.
தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:
"நிதி மேலாளர் வேலைக்கு ஆள் இல்ல.
ஒனக்கு எவ்ளோ வேணும்?"

என்னோடு ஒரே நாளில் அட்டை மாட்டிய பதினொரு பேரில்
வங்கியில் மிச்சம் நானும் ஷாஸ்ரீனும்தான்.
ஹர்விந்தர் சிங்கப்பூரில்.
வங்கி கைவிரித்தவர்களுக்கு
இரண்டு மடங்கு வட்டியில் கொடுக்கும் ஒரு நிதியம்.
தூக்கம் வருகிறதா என்றேன்.
போனஸ் வருகிறது என்றான்.
யுகேந்திரன் மத்திய வங்கிக்குப் போய்
எங்களுக்கே சுற்றறிக்கை அனுப்புகிறான்.
கோமளா, நொடித்த கம்பெனிகளைப் பிரித்து விற்கிறாள்.
போன மாதம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை.
கிடங்கில் மிஞ்சிய ஒரு டின்னை எனக்கு அனுப்பியிருந்தாள்.
மொறுமொறுப்புப் போகவே இல்லை.

முப்பத்திரண்டுக்குள் இறங்கிவிடு,
பிறகு வேறு எதற்கும் ஆகமாட்டாய் என்கிறார்கள்.
எனக்கு ஆகஸ்டில் முப்பத்திரண்டு.

அம்மாவிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும்:
கல்யாண வீட்டுல எல்லார்கிட்டயும்
பேங்குன்னு சொல்லிட்டேனேடி.

மில்லின் கடன் ஒப்பந்தம் நூற்றுப் பதினான்கு பக்கம்.
அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வரி என்னுடையது:
மொத்தக் கடன், ஆண்டு வருமானத்தின்
மூன்றரை மடங்கைத் தாண்டலாகாது.
இவர் நான்கு கேட்டார்.
மூன்றுக்குமேல் கூடாது என்றது இடர்ப் பிரிவு.
இரவு பத்தரைக்கு, பத்தொன்பதாவது மாடியில்,
ஏர்கான் நின்றுபோன பிறகு
சட்டை முதுகில் ஒட்ட
மூன்றரை என்று அடித்தேன்.
அந்த அரைக்கு நான் எழுதிய காரணம்
நான்கு பத்தி, இரண்டு அட்டவணை.
உண்மையான காரணம் அன்று எண்ணிய லாரிகள்.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் போனால்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
'வரம்பு மீறப்படவில்லை' என்று
கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.
எண்ணெய் விலை சறுக்கும் ஏதோ ஒரு வருடம்
புதுக் காலணி போட்ட ஒரு பிள்ளை
என் நாற்காலியில் வந்து உட்காரும்.
கணக்கேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டிக்கொண்டு
கண்ணாடியைக் கவனிக்கும்.
அன்றைக்கு
காலி லாரி இரண்டைக் கூப்பிட்டு
மேடையைச் சும்மா சுற்றி வா என்பேனா?

அங்கேதான் நின்றுவிட்டது தேநீர்,
வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில்.

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட
நான் ஜன்னலருகே போனதில்லை.
எழுந்து போனேன். திரைத் தகட்டில் தூசி.
இரண்டு விரலால் விலக்கினேன்.

"எவ்ளோன்னு கேட்டேனே" என்றார் பின்னாலிருந்து.
மேசை அதிர்ந்தது.

"இருங்க தவுக்கே" என்றேன்,
நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டே.